வேறு பெட்டியின் சீட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து இப்போதுதான் பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. மூன்றாவது கீமோ முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்றைக்குத்தான் பேனா கையில் நிற்கிறது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா என் தோளை உரசிக்கொண்டு நிற்கிறாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம்.

போன கடிதத்தில் உனக்குத் தொண்ணூற்றொன்பது என்று எழுதினேன். என்னைப் போல மார்பில் புற்றுநோய் வந்த நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் ஐந்து வருடம் கழித்தும் உயிரோடு இருப்பார்கள், அதனால் நீ அவசரப்பட்டு ஓடிவர வேண்டாம் என்று. அக்கா, அது என் எண் இல்லை.

எங்கள் பல்பு கம்பெனியில் ஒரு குற்றம் உண்டு. அதைச் செய்தால் வேலை போய்விடும். ஒரு பெட்டி பல்புகளுக்கு வந்த பரிசோதனைச் சீட்டை எடுத்து வேறொரு பெட்டியில் ஒட்டுவது. எட்டு வருடமாக நான் அதைச் செய்ததில்லை. செய்த ஒருத்தியை நானே மேலிடத்தில் சொல்லி வெளியே அனுப்பியிருக்கிறேன். இப்போது என் உடம்புக்கு நானே செய்தேன். ஊசி போட்டு எடுத்த சதையின் பரிசோதனை முடிவு வந்த அன்று, கட்டி சிறியது, பரவின மாதிரி தெரியவில்லை, ஆபரேஷனுக்குப் பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று டாக்டரம்மா சொன்னார். நான் அந்தக் கடைசி வார்த்தையை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த புத்தகத்தின் அட்டவணையில் முதல் வரியைப் பார்த்து உனக்கு எழுதிவிட்டேன். பிறகு ஆபரேஷனில் அக்குளிலிருந்து எடுத்த பதினாலு நிணநீர் முடிச்சுகளில் மூன்றில் நோய் இருந்தது. அத்தோடு என்னுடையது, மாத்திரை போட்டுக் கட்டுப்படுத்துகிற வகையும் இல்லை. அது முதல் சீட்டிலேயே அச்சாகியிருந்தது, அக்கா. நான் படித்தேன். படிக்காதது போல மடித்து வைத்தேன்.

போன வாரம் டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். இந்த வகை, இவ்வளவு பரவல் என்றால் நூற்றுக்கு அறுபத்தேழு என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இது உங்க நம்பர் இல்லம்மா, உங்களை மாதிரி நூறு பேரோட நம்பர். அதுவும் பல வருஷத்துக்கு முன்னாடி வைத்தியம் பார்த்தவங்களோடது. இப்போ மருந்தெல்லாம் மாறியிருக்கு” என்றார். நல்ல மனுஷி. ஆனால் எத்தனை மாறியிருக்கிறது என்று கேட்டதற்கு, அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை என்றுதான் சொன்னார்.

அம்மாவிடம் இந்த அறுபத்தேழை யாரும் சொல்லவில்லை. அவள் மாடி வீட்டு டீச்சரிடம், “என் சின்னவ நூத்துக்குத் தொண்ணூத்தொம்போது வாங்கியிருக்கா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பரீட்சை மார்க் போல. டீச்சரும் பதிலுக்கு, “அந்த ஒரு மார்க்கை எங்கே விட்டாளாம்?” என்று கேட்க, இரண்டு பேரும் படிக்கட்டில் நின்று சிரித்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு வாந்தி வந்தது.

என் வீட்டுக்காரர் கதை வேறு. ஒரு மாதமாக எங்கள் மகள் வாலுவை உட்கார வைத்து, தானே தலை வாரவும் செருப்பு மாட்டவும் பழக்கிக்கொண்டிருந்தார். நாலு வயசுக் குழந்தை, அக்கா. ஒரு நாள் காலையில் சீப்பு சிக்கி அவள் வீறிட்டு அழ, எனக்குக் கோபம் வந்து இப்போது என்ன அவசரம் என்று கத்திவிட்டேன். மனுஷர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “அஞ்சு வருஷம்னுதானே சொன்னாங்க. அப்போ இவளுக்கு ஒம்போது வயசு” என்றார். ஐந்து வருடம் என்பதை ஆஸ்பத்திரி கொடுத்த கெடு என்று நினைத்து, அத்தனை நாளும் ஒற்றை ஆளாகச் சுமந்திருக்கிறார். லாரி ஓட்டுகிற மனுஷர், வழியெல்லாம் அதையே எண்ணிக்கொண்டு போயிருப்பார்.

அவரை உட்கார வைத்துச் சொன்னேன். கம்பெனியில் நூறு பல்பை ஒரே நேரத்தில் எரியவிடுவோம். ஆயிரம் மணி நேரம் கழித்து எத்தனை எரிகிறது என்று எண்ணுவோம். எரிகிற பல்பெல்லாம் அந்த மணிக்கு அணைந்துவிடாது; நாங்கள் எண்ணுவதை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகிறோம், அவ்வளவுதான். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, “சரி, அதுல நீ எந்த பல்பு?” என்றார். அதைச் சொல்ல முடிந்தால் எதற்கு இத்தனை பரிசோதனை என்று சிரித்துச் சமாளித்தேன். எட்டு வருடத்தில் ஒரு முறைகூட, அணைந்துபோன பல்பை நான் ஒரு எண்ணாகத் தவிர வேறெதுவாகவும் பார்த்ததில்லை. முப்பத்துமூன்று போனாலும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் என் இடது கை நரம்பு ஊசிக்கு அகப்படுவதே இல்லை. “நரம்பு ஒளிஞ்சு விளையாடுது பாருங்க” என்று நர்ஸ் பெண் தட்டிக்கொண்டே இருப்பாள். மற்றபடி சாப்பிடுகிறேன். நடக்கிறேன். உனக்கும் ஒன்று: கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். நீயும் ஒருமுறை போய்ப் பரிசோதித்துக்கொள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளாதே. நான் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நாலு மாதம் தள்ளினவள்.

இப்போது நான் சொல்ல வந்தது. நான் எழுதிய தப்பான எண்ணை நம்பி நீ உன் லீவை உன்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்கு விட்டுக்கொடுத்துவிட்டாய். அடுத்த வருடம் சாவகாசமாக வருகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்தப் பெண்ணிடம் என் பெயரைச் சொல்லித் திரும்பக் கேள். என்னைத் திட்டச் சொல், பரவாயில்லை.

ஒரு வாரத்துக்கு வந்து பெட்டியைக்கூடப் பிரிக்காமல் ஓடிவிடாதே. வாலுவுக்கு நீ போனில் வருகிற முகம்தான். உன்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறாள், கவனித்தாயா? சொன்னதற்கெல்லாம் சரி பெரியம்மா, சரி பெரியம்மா என்கிறாள். என்னிடமும் அவள் அப்பாவிடமும் அப்படி இல்லை. உருண்டு புரண்டு அழுவாள், தட்டைத் தள்ளுவாள், போ என்பாள். அவள் உன்னையும் ஒரு நாள் போ என்று சொல்ல வேண்டும், அக்கா. அதுவரை இருந்துவிட்டுப் போ.

உன் உடம்பு நன்றாக இருக்கட்டும்.

அன்புடன்,
உன் தங்கை