‘சன்னல் மழை’ என்ற ஒலிப்பதிவைக் கடையிலிருந்து நீக்கித் தரக் கோரும் மனு

அனுப்புநர்
‘மழைக்காரர்’ என்ற பெயரில் இணையக் கடையில் ஒலிகள் விற்கும் பார்வையற்ற ஒலிப்பதிவாளர்.
(என் சொந்தப் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒட்டிய தனி உறையில் உள்ளன.)

பெறுநர்
நுகர்வோர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
நுகர்வோர் குறைதீர் அலுவலகம்.

பொருள்: கைத்தவறால் விற்பனைக்குப் போய்விட்ட பதிவு ஒன்றை, அதில் பேசியிருப்பவர் காதில் விழும் முன் நீக்கித் தரவும், மென்பொருளின் பட்டன்களுக்குப் பெயர் வைக்க உத்தரவிடவும் வேண்டுவது தொடர்பாக.

பார்வை: இப்பதிவு குறித்துக் கடை நிர்வாகம் அனுப்பிய மின்னஞ்சல் மறுமொழிகள் இரண்டு (இணைக்கப்பட்டுள்ளன).

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு,

வணக்கம். கீழ்க்கண்டவற்றைப் பொறுமையுடன் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் பிறவியிலேயே பார்வையற்றவன். தையல் கடை ஒன்றின் மாடியில், இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில் என் அக்காவுடன் வசிக்கிறேன். ஒலிகளைப் பதிவு செய்து விற்பது என் தொழில். கதவு கிறீச்சிடுவது, கெட்டில் கொதிப்பது, மாடிப்படியில் ஒருவர் செருப்போடு இறங்குவது, மழை பெய்வது ஆகியவற்றை நாடகக்காரர்களும் குறும்படம் எடுப்பவர்களும் வாங்குவார்கள். அதிகம் போவது மழைதான். தூக்கம் வராதவர்களும் அதை வாங்குகிறார்கள் என்று கேள்வி.

2. நான் ஒலிகளைச் சீர்செய்யும் மென்பொருளும், அவற்றை விற்கும் கடையும் ஒரே நிறுவனத்தினுடையவை. திரையில் இருப்பதைக் குரலாகச் சொல்லும் இன்னொரு மென்பொருள் என் கணினியில் இருக்கிறது. முன்பெல்லாம் நான் எந்தப் பட்டனுக்குப் போனாலும் அது ‘சேமி’ என்றோ ‘அழி’ என்றோ ‘விற்பனைக்கு அனுப்பு’ என்றோ சொல்லும். யாரையும் கூப்பிடாமல், யாருக்கும் தொந்தரவு தராமல் நான் வேலை பார்த்த காலம் அது. இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. பிறகு, நான் கேட்காமலேயே புதிய பதிப்பு வந்து இறங்கியது. அன்று முதல் எந்தப் பட்டனுக்குப் போனாலும் குரல் ‘பட்டன்’ என்று மட்டும் சொல்கிறது. அடுத்ததும் ‘பட்டன்’. அதற்கு அடுத்ததும் அதேதான். முறையிட்டதற்கு, புதிய தோற்றம் பலரின் பாராட்டைப் பெற்றுள்ளதாக நிர்வாகம் பதில் எழுதியது. தோற்றத்தைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை.

4. கடையில் பாட்டு வாங்குவதிலும் இதே கதிதான். மாதிரி கேட்கலாம் என்று அழுத்தப்போய், தாலாட்டுத் தொகுப்பு ஒன்றை விலைக்கு வாங்கிவிட்டேன். எங்கள் வீட்டில் குழந்தை கிடையாது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

5. வேறு வழியில்லாமல் எண்ணிக்கை வைத்துக்கொண்டேன். என்னைப் போன்ற பலரும் இப்படித்தான் காலம் தள்ளுகிறோம். மேலிருந்து எத்தனை தட்டுத் தட்டினால் ‘சேமி’, எத்தனை தட்டினால் ‘அழி’ என்று அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒருமுறை கேட்டு மனப்பாடம் செய்தேன். அதன்பின் விரல் தானாகப் போய் நின்றது; எண்ணிக்கைக்குள் வராத மற்றப் பட்டன்களுக்கு மட்டும் அக்காவைக் கூப்பிடுவேன்.

6. மழையைப் பதிவு செய்ய எனக்கு ஒரு முறை உண்டு. சமையலறைச் சன்னலோரம் முக்காலியில் மைக்கை வைத்து, அதற்குப் பழைய காலுறையை மாட்டி, பேட்டரியில் இயங்கும் கருவியில் பதிவை ஓடவிட்டுவிட்டுக் கீழே தையல் கடையில் போய் உட்கார்ந்துகொள்வேன். என் மூச்சும் காலடியும் அதில் விழக் கூடாது. அன்று மின்சாரம் போய் தையல் மிஷின்கள் நின்றிருந்தன. அப்படி ஒரு மழை லேசில் வாய்க்காது என்று மைக்கை வைத்துவிட்டுக் கீழே போனேன். அக்கா பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளராக இருக்கிறார். அன்று வேலை சீக்கிரம் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார்; மழை இரைச்சலில் அவர் படியேறியது எனக்குக் கேட்கவில்லை. மைக் ஓடுவது தெரியாமல், சன்னலோரம் நின்று தோழியுடன் தொலைபேசியில் பேசியிருக்கிறார்.

7. இதை எழுதக் கை வரவில்லை. ஆனால் தங்களுக்கு விவரம் தெரிந்தாக வேண்டும். ஹெட்போனில் மழைக்குப் பின்னால் நான் கேட்டது இது: “அந்த வெளியூர் வேலைய அவங்க குடுக்காம இல்லடி. நான்தான் வேணாம்னு சொன்னேன். தம்பிகிட்ட கிடைக்கலன்னு சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா வருத்தப்படுவான். இவன விட்டுட்டு எங்க போறது, ஒரு பட்டன அழுத்தணும்னாலும் என்னத்தான கூப்பிடணும்? கோவமெல்லாம் இல்ல. ஒரே ஒரு நாள், யாருக்கும் எதையும் படிச்சுக் காட்டாம, வாய மூடிக்கிட்டு சும்மா இருக்கணும்போல இருக்கு. அவ்ளோதான்.” மருத்துவமனையின் புதிய கிளையை நடத்தும் பொறுப்பைப் பற்றித்தான் அவர் சொல்கிறார். அது வேறொருவருக்குப் போய்விட்டது என்று அவர் சொன்ன அன்று, அவருக்கு ஆறுதல் சொன்னவன் நான்.

8. அந்தப் பதிவை உடனே அழிக்க நினைத்தேன். விரல் எண்ணிக்கைப்படி போய் அழுத்தியது. ஆனால் அன்று காலைதான் கடை ஏதோ சிறப்புத் தள்ளுபடி என்று விளம்பரப் பட்டன் ஒன்றை மேலே புதிதாகச் செருகியிருக்கிறது. அதுவும் ‘பட்டன்’ என்றுதான் சொன்னது. எல்லாப் பட்டன்களும் ஒரு இடம் கீழே தள்ளிப் போய்விட்டன. ‘அழி’ இருந்த இடத்துக்கு அதன் மேலே இருந்த ‘விற்பனைக்கு அனுப்பு’ வந்து நின்றது. “உங்கள் ‘சன்னல் மழை’ விற்பனைக்கு வந்துவிட்டது, வாழ்த்துகள்” என்று குரல் சொன்னது. இந்த வாழ்த்தை மட்டும் தெளிவாகப் படிக்கும்படி செய்திருக்கிறார்கள்.

9. அதைத் திரும்பப் பெற முயன்றேன். நான் மனிதன்தான் என்று நிரூபிக்க, வாகனம் உள்ள படங்களைத் தொடச் சொன்னது. படத்துக்குப் பதில் ஒலி வழி ஒன்றும் உண்டு. இரைச்சலுக்கு நடுவே எண்களைச் சொல்வார்கள், நாம் எழுத வேண்டும். இரைச்சலுக்குள்ளிருந்து குரலைப் பிரிப்பதுதான் என் பிழைப்பு, ஆகவே சட்டென்று எழுதிவிட்டேன். இவ்வளவு வேகமாக மனிதர்கள் எழுதுவதில்லை என்று கூறி என்னை இயந்திரமாக்கிவிட்டார்கள். அடுத்து, தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரரிடம் போனேன். அவர் நல்ல மனிதர், ஆனால் வாதம் செய்யப் பிறந்தவர். சைக்கிள் வாகனமா இல்லையா என்று திரையோடு தர்க்கம் செய்துவிட்டு ஒருவழியாகத் தொட்டார். வேறொருவர் கை பட்டிருப்பதாகச் சொல்லி என் கணக்கையே பூட்டிவிட்டார்கள்.

10. இந்தப் பதிவு குறித்து நிர்வாகத்தின் முதல் மறுமொழி, பார்வையற்றவர்கள் ‘அருகில் உள்ள பார்வையுள்ளவர் உதவியைப் பெறலாம்’ என்கிறது. இரண்டாம் மறுமொழி, பிறரைக் கையாள விட்டது விதிமீறல் என்கிறது. இரண்டும் ஒரே அதிகாரியின் பெயரில் வந்தவை. நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருக்கிறது.

11. இரண்டாம் மறுமொழியில் ஒரே ஒரு வழி விட்டிருக்கிறார்கள். குரலுக்கு உரியவரே அந்தப் பதிவை முழுவதும் கேட்டு, அது தன் குரல்தான் என்றும் அதை நீக்க வேண்டும் என்றும் நேரில் ஒப்புதல் தர வேண்டுமாம். யார் கேட்கக் கூடாது என்று நான் அலைகிறேனோ, அவரையே உட்கார வைத்துக் கேட்கச் செய்ய வேண்டும் என்பது இதன் பொருள்.

12. இதற்கிடையில், என் பதிவுகளில் வேறு எதற்கும் கிடைக்காத வரவேற்பு இதற்குக் கிடைத்திருக்கிறது. மதிப்புரைகளை என் கணினி எனக்குப் படித்துக் காட்டியது. ‘நடிப்பு மிக இயல்பு’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ‘தம்பியாக யார் நடிக்கிறார், இரண்டாம் பகுதி எப்போது’ என்று இன்னொருவர் கேட்கிறார். பதிவின் நகலை இம்மனுவுடன் இணைக்கவில்லை. இதுவரை கேட்டவர்களே போதும்.

13. அவசரத்தின் காரணம் இதுதான். அக்கா வேலை செய்யும் மருத்துவமனையில், காத்திருப்பவர்களின் பயம் தெளியக் கூடத்தில் மழைச் சத்தம் போடுவார்கள். அதை இந்தக் கடையிலிருந்துதான் எடுக்கிறார்கள், அதிகம் விரும்பப்பட்டவை முதலில் வரும் வரிசையில். “இன்னிக்கு உன் பழைய மழை ஒண்ணு வந்துச்சு” என்று அக்கா அவ்வப்போது பெருமையாகச் சொல்வதுண்டு. அவர் மேசைக்கு நேர் மேலேதான் ஒலிபெருக்கி. பல்வலிக்காரர்கள் சூழ உட்கார்ந்து, அவர் தன் குரலையே கேட்கப்போகும் நாளை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் வேலையிலிருந்து வந்து படியேறும் சத்தத்தை வைத்தே, இன்று கேட்டுவிட்டாரா இல்லையா என்று கணித்துக்கொண்டிருக்கிறேன்.

14. அக்காவிடமே சொல்லிவிடலாமே என்று தாங்கள் நினைக்கலாம். சொன்னால், எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அதன்பின் அவர் பெருமூச்சுகூட என் காதுக்கு எட்டாத இடத்தில்தான் விடுவார். இரண்டே அறை உள்ள வீட்டில் அப்படி ஓர் இடம் இல்லை. அவர் தோழியிடம் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பட்டன்கள் பழையபடி பேசிக்கொண்டிருந்தால், இன்று அவர் அந்த ஊரில், அந்தக் கிளையில் இருந்திருப்பார். எனக்கு நிர்வாகத்தின் மேல் உள்ள கோபம் முழுவதும் இதற்காகத்தான். இப்போது நான் அவரிடம் எதையும் படிக்கச் சொல்வதில்லை. “என்னடா, கோவமா?” என்று கேட்கிறார். நான் இல்லை என்கிறேன். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருக்கிறேன்.

15. தங்கள் அலுவலக இணையதளத்திலேயே புகார் பதிய முயன்றேன். பணிவுடன் தெரிவிக்கிறேன், அங்கும் ஒரு படத்தைக் காட்டி அதில் உள்ள எழுத்துகளைக் கேட்கிறார்கள். ஆகவே தாளில் எழுதுகிறேன். இதன் முதல் வரைவை ஜெராக்ஸ் கடைக்காரர் அச்செடுத்துத் தந்தார். தான் படிக்கவில்லை என்று சத்தியம் செய்தார். ஆனால் ஒரு வாதமும் செய்யாமல், காசும் வாங்காமல், தெரு கடக்கும்வரை என் கையை விடாமல் வந்தார். படித்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

16. ஆகவே, ‘சன்னல் மழை’ பதிவை உடனடியாக நீக்கவும், வாங்கியவர்கள் அதை மேற்கொண்டு ஒலிபரப்பாமல் தடுக்கவும், அதற்குக் குரலுக்கு உரியவரின் ஒப்புதல் தேவை என்ற நிபந்தனையை என் பொருட்டுத் தளர்த்தவும் நிர்வாகத்துக்கு உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பூட்டிய கணக்கைத் திறந்துவிடவும், ஒவ்வொரு பட்டனுக்கும் அதன் பெயரைத் திருப்பித் தரவும் ஆவன செய்ய வேண்டும். கடைசியில் சொன்னது நடந்தால், மற்றதை அக்காவிடம் நானே பேசிக்கொள்வேன். நான் தனியாக வேலை பார்ப்பதை அவர் கண்ணால் பார்த்த பிறகு, அந்த ஊர் வேலையை மறுபடி கேட்டுப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரும்.

17. இறுதியாக ஒன்று. தங்கள் அலுவலகம் பதில்களை அஞ்சலில் அனுப்புவதே நடைமுறை என்று அறிகிறேன். இந்த ஒருமுறை, தயவுசெய்து உறையில் உள்ள எண்ணுக்குப் பகல் வேளையில் அழைத்து வாயால் சொல்லுங்கள். தாளில் அனுப்ப வேண்டாம். எங்கள் வீட்டுக்கு வரும் தாள் எதுவானாலும், நான் கேட்காமலேயே அதைப் பிரித்து எனக்குப் படித்துக் காட்டுபவர் என் அக்கா.

இடம்: ஜெராக்ஸ் கடை
நாள்: 14.11.2023

இப்படிக்கு,
தங்கள் அழைப்புக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
‘மழைக்காரர்’