மலைக்காரர்கள் மலைக்குப் போகும் திட்டம்

செப்டம்பர் 1, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கே அவமானமாக இருந்தாலும் ஒரு வரியையும் அடிக்க மாட்டேன்.

முதல் உண்மை: அம்மாவின் வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. பத்தொன்பது வருடமாகத் தேயிலைக் கொழுந்து வெட்டும் கத்தரியைப் பிடித்த கை. டாக்டர் இரண்டு நாளாவது ஓய்வு கொடுக்கச் சொன்னார். அம்மா நன்றாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து துணி துவைத்தாள்.

ஆகவே நானே திட்டம் போட்டேன். பள்ளி நூலகத்தில் ஐரோப்பாவின் இடைக்கால மலையூர்கள் பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது. மதில், கல் பாவிய ஒரே தெரு, மணிக்கூண்டு, வாசலில் உட்கார்ந்து எதுவுமே செய்யாத மனிதர்கள். அங்கே நம்மால் போக முடியாது. ஆனால் நாம் இருக்கும் இதே பகாங் மாநிலத்தில் ஒரு மலையுச்சியில் அதே மாதிரி ஒரு கோட்டை ஊரைக் கட்டி வைத்திருக்கிறார்கள். பார்த்தால் அறுநூறு வயது. உண்மையில் அப்பாவின் லாரியைவிட இளையது.

“மலையிலேர்ந்து எறங்கி இன்னொரு மலைக்கா?” என்றார் அப்பா. ஏன் கூடாது? கோலாலம்பூர்க்காரர்கள் நிம்மதி தேடி இங்கே வந்து, இந்த மலையின் பிரிஞ்சாங் சாலையில் மூன்று மணி நேரம் காருக்குள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கவில்லையா?

செப்டம்பர் 3

அம்மாவே காலண்டரைப் பார்த்துத் தேதி சொன்னாள்: 13, 14. பள்ளி விடுமுறை. நாங்கள் மூன்றே பேர். நிகழ்ச்சி நிரல் எழுதினேன். சனி: உட்காருதல். ஞாயிறு: தொடர்ந்து உட்காருதல்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று அப்பாவிடம் இரண்டு முறை சொன்னேன்.

செப்டம்பர் 5

யாரோ சொல்லிவிட்டார்கள். குழாயடியில் குமுதா பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்னாடி, கோட்டைக்குப் போறீங்களாமே? நாங்கல்லாம் மனுசங்க இல்லியா?”

அப்பாதான். லாரியில் முட்டைக்கோஸ் ஏற்றும்போது வாய் சும்மா இருந்திருக்காது. இல்லை என்று சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை.

செப்டம்பர் 7

பதினெட்டுப் பேர், எங்கள் லயத்து வீட்டு வரிசை மொத்தமும். வேன் எடுத்தாயிற்று, ஓட்டப்போவது அப்பா. காளிமுத்து பெரியப்பா கங்காணி. தினமும் விடியலில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிறவர், ஓய்வுக்கும் அப்படியே அனுப்புகிறார். ‘ரிலேக்ஸ் டிரிப்’ என்று வாட்சப் குழு தொடங்கி அட்டவணையும் போட்டுவிட்டார். காலை 4.00, வேன் சக்கரத்துக்கு எலுமிச்சை. 4.10, புறப்பாடு. 9.00, பத்துமலை முருகன் கோயில். 1.00, கோட்டை. 1.00 முதல் 1.20 வரை ரிலேக்ஸ். 1.20, சமையல்.

லயத்துக் கோயிலில் போன மாதம்தான் கும்பாபிஷேகம் நடந்தது. நாற்பத்தெட்டு நாள் மண்டலம் முடியும்வரை எல்லோருக்கும் சைவம். வெளியே சாப்பிடக் கூடாதாம். ஆகவே கேஸ் அடுப்பும் பெரிய சட்டியும் வேனில் ஏறும். யார் சமைப்பது? “நம்ம நீலா கைப்பக்குவம் யாருக்கு வரும்?” என்றாள் பெரியம்மா. வீங்கிய கைப்பக்குவம். அம்மா சிரித்தபடி காய்கறிப் பட்டியல் எழுதிக் கொடுத்தாள்.

செப்டம்பர் 8

நிகழ்ச்சி நிரலைக் கிழித்துவிட்டேன். பிறகு ஒட்டினேன்.

செப்டம்பர் 11

மண்டலத்தில் கோயில் விளக்கைக் காலையும் மாலையும் ஏற்றுவது வீட்டுக்கு இரண்டு நாள் முறை. முறைக்காரி எஸ்டேட்டைத் தாண்டக் கூடாது. பட்டியல் கோயில் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. ஆனால் அவரவர் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இன்றுதான் பெரியப்பா முழுதாகப் படித்தார்.

13, 14: நீலாவதி.

“அடடா, நம்ம நீலா முறையாச்சே” என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் மாற்றிக்கொள்கிறேன் என்று ஒருவராவது சொல்வார்களா என ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பெரியம்மா மட்டும் உண்மையிலேயே கலங்கிப்போனாள். “அப்ப யாரு சமைக்கிறது?”

இந்த அம்மா ஏன் இப்படி? வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்க வேண்டாமா? யாருக்காகப் போட்ட திட்டம் இது — கேட்டால், “விடு பாப்பா” என்கிறாள்.

செப்டம்பர் 12

நானும் போகவில்லை என்று அறிவித்துவிட்டேன். அம்மாவைத் தனியே விட மாட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். நல்ல பிள்ளை என்றார்கள்.

உண்மை: அந்த மதிலைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஓய்வு அம்மாவுக்கு, கோட்டை எனக்கு என்றுதான் முதல் நாளே கணக்குப் போட்டிருந்தேன். அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 13, சனி

4.10க்குப் போக வேண்டிய வேன் 5.40க்குப் போனது. எலுமிச்சை நசுங்கியது. சத்தம் வளைவில் மறைந்தது.

அதன்பிறகு லயத்தில் ரேடியோ இல்லை. குழாயடிச் சண்டை இல்லை. “நீலா, கொஞ்சம் வந்துட்டுப் போ” இல்லவே இல்லை. அம்மா விளக்கேற்றிவிட்டு வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பத்து மணிக்கும் உட்கார்ந்திருந்தாள். மதியம் நான் செய்த மேகி மீயை உட்கார்ந்தபடியே சாப்பிட்டாள். கால் மேல் கால். மடியில் அந்தக் கை சும்மா கிடந்தது.

மூன்று மணிக்கு அப்பா படம் அனுப்பினார். பின்னால் கோட்டை வாசல், முன்னால் சட்டி, அதில் பெரியம்மா வியர்க்க வியர்க்கக் கிளறுகிறாள். அம்மா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள்.

மாலை விளக்கேற்றிவிட்டுத் திரும்பும்போது கேட்டேன்: பெரியம்மாவிடம் யார்தான் சொன்னது?

“நாந்தான்.”

அப்படியானால் தேதி?

“கோயில் லிஸ்டப் பாத்துட்டுத்தான் லா சொன்னேன். எல்லாரும் ஒண்ணாப் போனாத்தான் லயத்துல என்னைய யாரும் கூப்புட மாட்டாங்க.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாள்: “நீயும் போவேன்னு நெனச்சேன் பாப்பா. போயிருந்தா இன்னும் கொஞ்சம் அமைதியா இருந்திருக்கும்.”

அடிக்காமல் எழுதியிருக்கிறேன். அப்பா வந்ததும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

எட்டுகூட ஆகவில்லை. நான் பக்கம் புரட்டும் சத்தம் பெரிதாகக் கேட்கிறதாம். வெளியே கோயில் விளக்கு மட்டும் எரிகிறது. எங்கள் விளக்கை அம்மா அணைத்துவிட்டாள். இந்த வரி இருட்டில் எழுதியது.