குப்புற ஒட்டிய முகம்

கவாகோயே
புன்க்யூ இரண்டாம் ஆண்டு (1862), ஏழாம் மாதம் 3

எடோவில் இருக்கும் உங்களுக்கு நுயி வணங்கி எழுதுவது.

அண்ணன் வீட்டில் எல்லாரும் சுகம். நம் மியோ போய் நாற்பத்தொன்பதாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. கண்ணை மூடினால் அவள் முகம் வரமாட்டேன் என்கிறது. பெற்றவளுக்கா மறக்கும் என்று திட்டாதீர்கள், பயமாக இருக்கிறது. தட்டம்மை காண்பதற்கு முந்தின வாரம், அழுதவளை உட்காரவைத்து ஒரு படம் போட்டீர்களே, அதை அனுப்புங்கள். அது இருந்தால் பிழைத்துக்கொள்வேன்.

உங்கள் நுயி

எடோ
ஏழாம் மாதம் 8

நுயிக்கு,

அந்தப் படம் இல்லை. அம்மைக்குக் காப்பாகக் கதவில் ஒட்ட அச்சுப்படம் வேண்டும் என்று பதிப்பாளர் கழுத்தைப் பிடித்தார். அதையே கொடுத்துவிட்டேன். நினைத்தால் இன்னொன்று போடலாம் என்ற திமிர். படத்தை மரப்பலகையில் குப்புற ஒட்டி, தாளோடு சேர்த்துத்தான் செதுக்குவார்கள், உனக்கே தெரியும். செதுக்கும் யசாபுரோவிடம் ஓடினேன். "இப்ப வந்து அழுதா? தாளு போயிடுச்சுய்யா. புள்ள பலகையில பத்திரமா இருக்கா" என்றார்.

முதல் பிரதி உனக்குத்தான்.

கென்சாய்

கவாகோயே
ஏழாம் மாதம் 19

உங்களுக்கு,

பிரதி வந்தது. ஒரு வண்ணமும் பிசகவில்லை. ஆனால் இது யார் பிள்ளை?

மியோவுக்கு நெற்றியில் சுழி, முடி எழும்பியே நிற்கும். நீங்கள் முடியைக் கோடு காட்டி விட்டுவிடுவீர்கள், இழை பிரிப்பது யசாபுரோ கை. வாரிச் சீவிவிட்டார். அழுத வாயும் சிரிக்கிறது, அது பதிப்பாளர் ஆசையாக இருக்கும். அண்ணி, "என்ன லட்சணம் பாரு, மூக்கும் முழியுமா!" என்று கதவில் ஒட்டிவிட்டாள். எதிர்வீட்டிலும் அதே படம். இப்போது கண்ணை மூடினால் அந்தப் பிள்ளைதான் வருகிறது.

உங்கள் காலில் விழுகிறேன், இன்னொருமுறை போடுங்கள். உங்கள் கை மறந்திருக்காது.

நுயி

எடோ
எட்டாம் மாதம் 2

நுயி,

பதினோரு நாளாக வேறு வேலையே பார்க்கவில்லை. அறை முழுக்கத் தாள். எல்லாவற்றிலும் வாரிச் சீவிய பிள்ளை சிரிக்கிறாள். வேண்டுமென்றே சுழி போட்டுப் பார்த்தேன், யாரோ பிள்ளைக்குச் சுழி வைத்தது போலத்தான் இருந்தது. முதல் படத்தில் வாய் எப்படி இருந்தது என்று யசாபுரோவைக் கேட்டேன். "ஆயிரம் மொகம் செதுக்கியாச்சு, எனக்கெங்க ஞாபகம்?" என்றார்.

உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. எனக்கும் மறந்துவிட்டது.

பதிப்பாளர் இன்னும் ஐந்நூறு பிரதி அச்சிடச் சொல்லியிருக்கிறார். நான் தடுக்கவில்லை. அது நம் பிள்ளை இல்லையே.

கென்சாய்