பொட்டு வைத்த ரவுட்டர்

சனிக்கிழமை, இரவு

பழைய ரவுட்டர் ஒரு மாதமாகவே மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. இன்று அதையும் எடுத்துக்கொண்டு ஜெலுத்தோங் கடைத்தெருவுக்குப் போய்ப் புதியது வாங்கிவிட்டேன். இரண்டு கொம்பு வைத்ததா, நான்கு கொம்பு வைத்ததா என்று தேர்ந்தெடுப்பதற்குள் மண்டை காய்ந்துவிட்டது.

"அக்கா, உங்க ஃபிளாட்டுக்கு ரெண்டு கொம்பே போதும் லா. பழச குடுங்க, வெலையில கழிச்சுக்கலாம்," என்றார் கடைக்காரர். கொடுத்தேன். அதன் நெற்றியில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டத் தொடங்கினார். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். கழிவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

அது என் மகள் கவிதா வைத்த பொட்டு. வீட்டிலிருந்தே ஆன்லைனில் காலேஜ் படித்த வருஷம், ஆயுத பூசையன்று தையல் மிஷினுக்கு வைத்த கையோடு இதற்கும் வைத்தாள். "பரீட்சையில கால வாரிடாத சாமி" என்று கும்பிட வேறு செய்தாள். இப்போது ஜொகூரில் வேலை.

சற்று முன் வீடியோவில் கூப்பிட்டாள். புது ரவுட்டரில் படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பழையதில் பாதிப் பேச்சில் அவள் முகம் அப்படியே நின்றுவிடும். "மா, கேக்குதா? கேக்குதாமா?" என்று கத்துவாள். எனக்குக் கேட்கும். சும்மா முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இன்று, "சாப்டீங்களாமா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். "லைன் சூப்பர்மா! சரி, வெச்சிடுறேன்." அவ்வளவுதான்.

பழைய ரவுட்டர் பொட்டோடு மேசைமேல் இருக்கிறது. அதன் வயரை எங்கே வைத்தேன் என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.