மூணு ஊமையாயிடுச்சு

நாள் 41, 09:10
நிலவின் மறுபக்கம், ரேடியோ தொலைநோக்கி நிலையம். ஆள் நான் ஒருத்திதான், பொன்மயில். எல்லாக் கருவிகளும் சரி. தொலைதூர விண்மீன் மண்டலங்களின் மையத்தில் இருக்கும் எல்லா குவேசாரிலும் ஒரு பெருங்கருந்துளை வாயுவை விழுங்கி ஒளிர்கிறது. ஆனால் பத்தில் ஒன்றுதான் பலத்த ரேடியோ அலை வீசும். மற்றவை ஏன் வீசுவதில்லை? பட்டியலில் பன்னிரண்டு இருக்கின்றன. நானும் தரை நிலையத்து ஜோதிராஜும் சத்தம் போடுவதை வாயாடி என்போம், போடாததை ஊமை. மூன்றாம் எண் வாயாடி என்று பந்தயம் கட்டியிருக்கிறேன்.

நாள் 43, 14:32
மூன்றாம் கூடத்தில் மின்சாரம் போய்விட்டது. ஆக்சிஜன் இயந்திரம் அங்கேதான் இருக்கிறது. பேசும் கருவிக்கும் அதே கம்பி. எந்தப் புத்திசாலி வரைந்த திட்டமோ! இருப்பில் ஒன்பது நாள் காற்று. கூப்பிட்டால் மீட்பு ஓடம் ஆறு நாளில் வந்துவிடும். பேட்டரியில் பத்து விநாடி பேச முடிந்தது. பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்: "மூணு ஊமையாயிடுச்சு, சீக்கிரம் பாருங்க!" அத்தோடு பேட்டரியும் போயிற்று.

நாள் 43, 15:05
தொலைநோக்கிக்குத் தனி சூரியத் தகடு உண்டு, அதனால் கேட்க மட்டும் முடிகிறது. ஜோதிராஜ்: "எக்கா, மூணு ஊமையா! நான் அப்பவே சொன்னம்லா, பந்தயத்துல தோத்துட்டீய. பதிஞ்சாச்சு. இனி பன்னெண்டையும் முடிச்சிட்டுப் பேசுங்க, நாங்க தொந்தரவு பண்ணல."
ஆய்வு நடக்கும்போது நாங்கள் பேசுவதில்லை. எங்கள் பேச்சே சிக்னலைக் கெடுத்துவிடும். ஆக, என் மௌனத்துக்கு அங்கே வேலை என்று பொருள். கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

நாள் 46, 11:20
சூரியத் தகட்டிலிருந்து பேசும் கருவிக்குக் கம்பியை ஒட்டப் போய் வலது கை வெந்துவிட்டது. சும்மா உட்கார்ந்தால் பயமாக இருக்கிறது, அதனால் மூன்றாம் எண்ணையே பார்த்தேன். அது ஊமை இல்லை! கருந்துளையிலிருந்து தாரை பீறிட்டுக் கிளம்புகிறது. சுற்றியுள்ள அடர்ந்த வாயு அதை அங்கேயே அமுக்கிவிடுகிறது. கத்துகிறது, வெளியே வரவில்லை. பந்தயத்தில் ஜெயித்துவிட்டேன். சொல்லத்தான் வழியில்லை. அழுதேன்.

நாள் 49, 17:40
இன்று கூப்பிட்டாலும் ஓடம் வந்து சேராது. எனக்குச் சாக விருப்பமில்லை.

நாள் 52, 08:15
ஜோதிராஜ்: "எக்கா, ஒரே நிமிசம்தான், தொந்தரவுன்னு நெனைக்காதீய. ஒம்பது நாளா சத்தமே இல்ல! அக்கா வேலைல எறங்கிட்டா இப்படித்தான்னு எல்லார்ட்டயும் பெருமையா சொல்லிட்டிருக்கேன்."
தலை சுற்றுகிறது. இடது கையால் எழுதுகிறேன். இதை எடுப்பவருக்கு: மூன்றாம் எண்ணைத் திருத்துங்கள். ஜோதிராஜைத் திட்டாதீர்கள். அந்தப் பெயரை வைத்தது நான்தான். அவனிடம் சொல்லுங்கள், மூணு ஊமை இல்