மெட்ராஸ் டாக்டர் கட்டிய பல் செட்

அம்மா,

இன்று காலை கிளினிக் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த செல்வி, மேல்தட்டில் இருந்த கிண்ணத்தை இறக்கி மூடியைத் திறந்து பார்த்தாள். தண்ணீருக்குள் ஒரு முழு பல் செட், மேலும் கீழும். அவள் என்னிடம் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. "மேடம், இது யாருது? டெலிவரி குடுக்காம உட்டுட்டோமா?" என்றாள்.

"குடுத்தாச்சு. ரிட்டன் வந்துடுச்சு" என்றேன்.

"செரியா பொருந்தலியா மேடம்?"

அதைத்தான் நானும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். பதில் தெரிந்த ஒரே ஆள் நீ. சொல்லாமல் போய்விட்டாய். கேட்டதற்கு நேரான பதில் சொல்லும் பழக்கம் உனக்கு டாக்டர்களிடம் மட்டும்தானே இருந்தது.

விழுப்புரம் அரசாங்க ஆஸ்பத்திரியில் நீ ஸ்டாஃப் நர்ஸ். வார்டுக்குள் டாக்டர் வந்தால் எழுந்து நிற்பாய். நேற்றுப் படிப்பை முடித்துவிட்டு வந்த, மீசைகூடச் சரியாக முளைக்காத பையன் வந்தாலும் எழுந்து நிற்பாய். பல் டாக்டருக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது. "அந்த ரூமு எங்க இருக்குது பாத்தியா? ஓ.பி. சீட்டு குடுக்கற எடத்தத் தாண்டி, கக்கூஸ் பக்கத்துல. கவர்மெண்டுக்கே தெரிஞ்சிருக்குது" என்பாய். அப்பா செத்தபிறகு தனியாளாக என்னை வளர்த்தாய். உனக்கு இருந்தது ஒரே ஆசை. நான் வார்டுக்குள் நுழைய வேண்டும், நீ எழுந்து நிற்க வேண்டும்.

எனக்கு மண்டையில் ஏறவில்லை, அம்மா. இயற்பியல் புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வந்தது. நீட் முதல் தடவை ஊற்றிக்கொண்டது. இரண்டாவது தடவை கட்-ஆஃபைத் தட்டுத்தடுமாறித் தாண்டினேன், அவ்வளவுதான். ரிசல்ட் வந்த அன்று எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று விசாரித்தபோது நீ சொன்னது உள்ளே இருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாய். "இவ எனக்கு வாய்க்கரிசி போடறதுக்காவது தேறுவாளான்னு தெரியல."

கவுன்சிலிங்கின் கடைசி ரவுண்டில், யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு பி.டி.எஸ். சீட் பாண்டிச்சேரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எனக்குக் கிடைத்தது. "சட்டியில அடி புடிச்சத வழிச்சுப் போட்டுட்டான். துன்னு" என்றாய். பீஸ் கட்டியது நீதான். அதை நானோ, சொந்தக்காரர்களோ, நம் தெருவோ மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டாய்.

முதல் வருஷம் நாங்கள் பழகிப் பார்ப்பதற்குப் பிடுங்கிய பற்கள் வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் கிளினிக் கிளினிக்காக அலைந்து கெஞ்சுவார்கள். நான் உன்னிடம் கேட்கவே இல்லை. பெரியம்மா குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, டூட்டி முடித்து வந்த நீ பையிலிருந்து ஓர் ஊறுகாய் பாட்டிலை எடுத்து, சாம்பார்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாய். பாட்டில் நிறையப் பல். "இந்தா. ஊர்ல இருக்கறவன் துப்பனது. ஒனக்கு இதான் எழுதியிருக்குது" என்றாய். பெரியம்மா இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டாள். கல்லூரியில் அந்த பாட்டிலுக்காக என்னிடம் சிநேகம் பிடித்தவர்கள் உண்டு. அத்தனை பல்லையும் கழுவி, ஸ்பிரிட் ஊற்றி வைத்திருந்தவள் நீ. அதற்கு எப்போது உட்கார்ந்தாய் என்று எனக்குத் தெரியாது.

பிறகு உன் சர்க்கரை உன் ஈறைத் தின்றது. ஒவ்வொன்றாக ஆடி, கடைசியில் எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கக்கூஸ் பக்கத்து அறைக்குத்தான் போனாய். கொரோனா வந்து ஊரே மாஸ்க்கைத் திட்டிக்கொண்டிருந்தபோது நீ மட்டும் அதைக் கும்பிட்டாய். டூட்டி ரூமில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாய். பல்லை எடுத்த டாக்டரை விட்டால், உன் பொக்கை வாயைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

கடைசி வருஷப் பரீட்சைக்குப் பல்லே இல்லாத ஒரு நோயாளியை நாங்களே கூட்டிக்கொண்டு போய், அவருக்கு முழு செட் கட்டி, எக்ஸாமினர் முன்னால் மாட்டிக் காட்ட வேண்டும். நான் இரும்பை கிராமத்தில் ஒரு பெரியவரைப் பேசி வைத்திருந்தேன். கூடப் படித்தவள் ஒருத்தி வீட்டு வாசலுக்கே ஆட்டோ அனுப்பி அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எங்கள் படிப்பில் இது சகஜம். அழுதுகொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம் நீ மாஸ்க்கைக் கழற்றினாய். "என் வாய்தான் காலியா கெடக்குதே. அத்த வெச்சிக்கோ."

லீவு போட்டுவிட்டு, ஒவ்வொரு சிட்டிங்குக்கும் பஸ் பிடித்து வந்தாய். அளவு எடுக்கும் மாவை வாய் நிறைய அப்பியபோது நீ பேசாமல் இருந்ததுதான் நம் வாழ்க்கையிலேயே நாம் சண்டை போடாத நேரம். கீழ் செட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தினேன். மாட்டியதும் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, வெகுநேரம் பார்த்தாய். கண்ணாடியைத் திருப்பித் தரவில்லை.

பரீட்சை அன்று வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் நம் நாற்காலிக்கு வந்தார். கழுத்தில் கட்டிய துணியோடு நீ எழுந்து நின்றாய். உட்காரச் சொல்லிவிட்டு அவர் கேட்டார்: "எப்படிம்மா இருக்கு? வலி இருக்குதுங்களா? ஆடுதா?"

"கீழ் செட்டு ஆடுது சார். பேசும்போது தூக்குது."

அவர் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எதையோ எழுதிக்கொண்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார். அந்தப் பேப்பரில் நான் ஃபெயில். கூடப் படித்தவர்கள் பயிற்சி டாக்டர்களாகக் கோட்டு மாட்டிக்கொண்டபோது, நான் அரியர் வைத்துக்கொண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்தேன்.

விழுப்புரம் திரும்பும் பஸ்ஸில் உன்னிடம் கேட்டேன். "ஏம்மா அப்படிச் சொன்ன?"

"டாக்டர் கேட்டா உள்ளதச் சொல்லணும். சர்வீஸ் முழுக்க அப்படித்தான் சொல்லிக்கினு வர்றேன்."

"அப்ப நான் யாரு?"

"மொதல்ல பாஸ் பண்ணு. அப்பாலிக்கா சொல்றேன்."

ஜன்னல் வழியாக வேகவைத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கினாய். கடலையை உரித்து உரித்து, ஒரு கையால் என் பக்கம் நீட்டினாய். "துன்னு." வேண்டாம் என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு நீயே தின்றாய், ஊர் வரும் வரைக்கும். நான் கட்டிய செட்டால் மென்று தின்றாய். கீழ் செட் ஆடினால் மல்லாட்டையை அப்படி மெல்ல முடியாது. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அழுகிறவளுக்கு எதிராளியின் தாடையைக் கவனிக்கத் தோன்றுமா?

அடுத்த பரீட்சையில் வேறொரு நோயாளியை வைத்து பாஸ் செய்தேன். சமையலறைக்கு வந்து, "இப்ப சொல்லு, நான் யாரு?" என்றேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பல்லு" என்றாய்.

விழுப்புரத்திலேயே கிளினிக் வைக்கிறேன் என்றபோது வேண்டவே வேண்டாம் என்றாய். "திண்டிவனத்துல வெச்சிக்கோ. இங்க வெச்சினா எங்க டூட்டி ரூமே வந்து நிக்கும்." உன் சிநேகிதிகளிடம் ஓசி வைத்தியம் பார்த்து நான் அல்லாடக் கூடாது என்று சொல்கிறாய் என நினைத்தேன். அவ்வளவு நல்லவளாக உன்னை நினைத்தது என் முட்டாள்தனம். திண்டிவனத்திலேயே வைத்தேன். திறப்பு விழாவுக்கு வந்தாய். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் போனாலும் வந்தாலும் அசையாமல் இருந்தாய்.

ரிட்டயர் ஆன மறு வருஷம் நெஞ்சுவலி. நீ வேலை பார்த்த வார்டிலேயே போனாய். வீட்டுக்கு உன்னோடு வந்த பிளாஸ்டிக் கவரில் மூக்குக்கண்ணாடியும் பல் செட்டும் இருந்தன. "ஜனங்க வர்றதுக்குள்ள பல்ல மாட்டிடுடி. பாக்க ஒரு மாதிரி இருக்குது" என்றாள் பெரியம்மா. மாட்டினேன். கீழ் செட் வழுக்கியது. எனக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது, எக்ஸாமினரிடம் நீ உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாய், உன்னைத் திட்டக் காரணமில்லை என்று. அப்புறம்தான் படித்தது நினைவுக்கு வந்தது. பல் செட்டைப் பிடித்து வைப்பது எச்சில். எச்சில் வற்றிய வாயில் யார் கட்டிய செட்டும் நிற்காது. செத்தும் எனக்கு நீ பதில் சொல்லவில்லை. தாடையைச் சுற்றித் துணியைக் கட்டி, வாயை ஒரு வழியாக மூடினேன்.

அப்போதுதான் உன்னோடு வார்டில் வேலை பார்த்த ஒரு மூத்த சிஸ்டர் வந்தார். உன் காலடியில் உட்கார்ந்து அழுதார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பல்லு செட்டு ஒங்க அம்மாவுக்கு எவ்ளோ பாந்தம் பாரு கண்ணு. மெட்ராஸ்ல ஒரு பெரிய டாக்டர் கட்னதாமே. கல்லு மாதிரி நிக்குது சிஸ்டர், கரும்பு கூடக் கடிக்கலாம்னு சொல்லிக்கினே இருப்பாங்க. நானும் அட்ரஸ் கேட்டுக் கேட்டுப் பாத்தேன். இன்னிக்குத் தரேன் நாளைக்குத் தரேன்னு கடைசி வரைக்கும் தரல. ஏன், ஒம் பொண்ணு கட்டாதான்னு கேட்டேன். அவளுக்குப் புடுங்கத்தான் வரும்னாங்க."

கல்லு மாதிரி. எக்ஸாமினரிடம் ஆடுது. டூட்டி ரூமில் கல்லு மாதிரி. முதலாவது பொய் என்றால், பெற்ற மகளை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே ஃபெயிலாக்கினாய். இரண்டாவது பொய் என்றால், ஆடும் செட்டை நாக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் பெருமை பேசினாய். எதுவானாலும் அந்தப் பெருமையில் என் பெயர் இல்லை.

துணியை அவிழ்த்து, இரண்டு செட்டையும் வெளியே எடுத்தேன். உன் கன்னம் உள்ளே போயிற்று.

"ஏண்டி கழட்டற?" என்றாள் பெரியம்மா பதறிப்போய்.

"ஆடுது பெரியம்மா" என்றேன்.

உன் மெட்ராஸ் டாக்டர் வந்து மாட்டட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்க்கரிசி போட ஆரம்பித்தார்கள். பெரியம்மா, எதிர்வீட்டு அக்கா, டூட்டி ரூம் முழுக்க, ஒவ்வொருவராகக் குனிந்து, நீ மாஸ்க்குக்குள் ஒளித்து வைத்திருந்த அந்த வாயைப் பக்கத்தில் பார்த்துவிட்டு அரிசியைப் போட்டார்கள். நானும் போட்டேன். அதற்குத் தேறிவிட்டேன், அம்மா. எனக்கு அன்றைக்கும் வருத்தம் இல்லை, இப்போதும் இல்லை.

இன்று மத்தியானம் அதே சிஸ்டர் திண்டிவனம் வந்தார். மெட்ராஸ் டாக்டரின் விலாசம் கிடைக்காததால் வேறு வழியில்லாமல் என்னிடம் செட் கட்டிக்கொண்டவர். இன்றைக்கு டெலிவரி. நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றார். பழக்கம். உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சநேரம் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாட்டினேன். "ஆடுதாக்கா?"

"இல்ல கண்ணு."

வாயால் சொல்வதை நான் நம்புவதில்லை. என் கிளினிக்கில் செட் வாங்குகிறவர்கள் யாராக இருந்தாலும், வேகவைத்த மல்லாட்டை ஒரு பிடி என் எதிரில் மென்று காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். செல்வி தட்டில் கொண்டுவந்து வைத்தாள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே உரித்து மெல்ல ஆரம்பித்தார். நான் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ் செட் இம்மிகூட அசையவில்லை. பஸ்ஸில் உன் தாடையைப் பார்க்காமல் விட்டதை இங்கே ஒவ்வொருவரிடமும் பார்த்துத் தீர்த்துக்கொள்கிறேன்.

"ஒங்கிட்ட அந்த மெட்ராஸ் டாக்டர் கெட்டாரு போ" என்றார் சிஸ்டர். இன்னும் நாலு உரித்து, உள்ளங்கையில் வைத்து என் பக்கம் நீட்டினார். "நீயும் துன்னு."

வேண்டாம் என்றேன்.