சேவல் எத்தனை தரம் கூவியது, எஸ்தர் அக்கா?

என் பிரியமான எஸ்தர் அக்காவுக்கு,

கம்பெனி பஸ்ஸில் உன் ஜன்னல் சீட்டில் இப்போது என் டிபன் பை உட்கார்ந்து வருகிறது. மாதனூரில் ஏறுகிற பெண்கள் யாரும் அதை எடு என்று சொல்வதில்லை. நீ போய் இரண்டு மாதம் ஆகிறது, இனிமேல் யாராவது சொல்லத்தான் செய்வார்கள். அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

ஆம்பூர் போய்ச் சேரும்வரை நமக்கு வேறு என்ன வேலை? நீ கொடுத்த வேதாகமத்தை நான் பக்தியாகப் படிப்பேன் என்று நினைத்தாய். நானோ பிள்ளையாருக்கு விளக்கேற்றிவிட்டு, குற்றம் கண்டுபிடிக்கவே அதைப் புரட்டினேன். இயேசுவின் கதையை அதில் நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். எரிகோவில் கண் தெரியாதவர் ஒருவரா, இருவரா? கல்லறையில் நின்ற தூதர் ஒருவரா, இருவரா? "இன்னாக்கா, உங்க ஆளுங்களுக்குள்ளயே ஒத்து வரலியே?" என்று நான் சீண்டினால் பின்சீட்டுக்காரிகள் காதைத் தீட்டிக்கொள்வார்கள்.

"இந்த பஸ்ல இன்னிக்கு எத்தினி பேர் நின்னுனு வந்தாங்கன்னு உன்ன கேட்டா ஒண்ணு சொல்லுவ, டிரைவர கேட்டா ஒண்ணு சொல்லுவாரு. அதுக்காக பஸ்ஸே வரலன்னு ஆயிடுமா?" என்பாய். உனக்குக் கோபமே வராது. எனக்குத்தான் அது பேஜாராக இருக்கும்.

ஒரே ஒரு கேள்வியில் உன்னை மடக்கினேன். இயேசுவைத் தெரியவே தெரியாது என்று அவருடைய சீடர் பேதுரு மூன்று தரம் சொன்னார், சேவல் கூவியது. எழுதிய நாலு பேரில் மூவர் அவ்வளவோடு விட, மாற்கு மட்டும் ஏன் இரண்டு தரம் கூவியது என்கிறார்? "கேட்டுனு வந்து சொல்றேன்" என்றாய்.

அதற்குள்தான் நம் கம்பெனியிலிருந்து போன ஒரு ஷூ பெட்டி திரும்பி வந்தது. பேக்கிங்கில் ஷூவை ஜோடி சேர்ப்பது உன் வேலை, ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. அந்தப் பெட்டியைக் கட்டிய அன்றைக்கு மட்டும், உனக்கு மணிக்கட்டு வலி என்று வேலையை மாற்றிக்கொண்டோம். பெட்டியைத் திறந்தால் இரண்டும் இடது கால். லைன் முழுவதும் பார்க்க சூப்பர்வைசர் உன்னைத் திட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்றார். "தெரியாது சார்" என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். நீ வாயே திறக்கவில்லை. ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று உன்னை அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வந்த அன்று பஸ் ஏறியதும் நீ சொன்ன முதல் வார்த்தை, "சேவலுக்கு பதில் கெடச்சிடுச்சி சரளா." பேதுரு சொல்லச் சொல்லத்தான் மாற்கு எழுதினாராம், உங்கள் போதகர் சொன்னாராம். "தப்பு பண்ணவனுக்குத்தான எத்தினி தரம்னு கரெக்டா ஞாபகம் இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, உன் இட்லியில் பாதியைப் பிட்டு என் கையில் வைத்தாய்.

என்னை நினைத்துத்தான் சொன்னாயா அக்கா? இல்லை, பேதுருவைப் பற்றி மட்டும்தானா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மெதுவாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். நீ நெஞ்சு வலி என்று ஒரே நாளில் போய்விட்டாய்.

போன ஞாயிறு உன் வீட்டில் ஜெபம். உன் வீட்டுக்காரர் தேவராஜ் மாமா என் கையில் டீயைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அந்த பொட்டி விஷயத்துல எஸ்தருக்காக நீ சூப்பர்வைசர்கிட்ட மல்லுக்கு நின்னியாமே. தங்கச்சி மாதிரி இல்ல, தங்கச்சியேதான்னு சொல்லினே இருப்பா."

ஏன் அக்கா அவரிடம் அப்படிச் சொன்னாய்? நடந்தது ஒன்று, நீ சொன்னது ஒன்று. முரண்பாடு தேடித் தேடி உன்னை வம்புக்கு இழுத்தவள் நான். இந்த ஒரு முரண்பாட்டை என்னால் தாங்க முடியவில்லை. அப்போதாவது மாமாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்து டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சூப்பர்வைசரிடம் இரண்டு தரம், மாமாவிடம் ஒரு தரம். எனக்குக் கரெக்டாக ஞாபகம் இருக்கிறது அக்கா.

வருகிற ஞாயிறு, மாமா சர்ச்சுக்குக் கிளம்புவதற்கு முன்னால் போய் நிற்பேன். மறுநாள் சூப்பர்வைசர் முன்னால், லைன் முழுவதும் கேட்கச் சொல்வேன். அதுவரை என் டிபன் பை உன் சீட்டிலேயே இருக்கட்டும்.

இரண்டு இடது காலை ஒரே பெட்டியில் போட்ட
உன் தங்கச்சி,
சரளா